கரி நெருப்பின் வாசனை



தபசு காலம் துவங்கிவிட்டது. வழக்கம்போல இவ்வருஷமும் நம் ஆண்மக்களில் பலர் நாற்பது நாளைக்குக் குடிப்பதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறார்கள். நல்லதுதான். சிலர் அதைக் காப்பாற்றுவார்கள். சிலர் மூன்றாம் நாளே தவறுவார்கள். வேறு சிலர் நாற்பது நாளும் வைராக்கியமாயிருந்துவிட்டு, பாஸ்கு ஞாயிறு மத்தியானமே அத்தனை நாள் பாக்கியையும் ஒன்றாகத் தீர்த்துவிடுவார்கள். பிரசங்கத் தொட்டியில் நின்றுகொண்டு இவர்களைக் கண்டிப்பது எளிது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக நானும் அதைத்தான் செய்து வந்தேன். இந்த வாரம் கண்டிக்க உட்காரவில்லை. ஒரு மனிதர் விஷயத்தில் நான் செய்த பிழையையும், அதனால் நான் கற்றுக்கொண்டதையும் சொல்ல உத்தேசம்.

முதலில் ஒன்று. நான் சொல்லப்போவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. அந்த இரகசியம் குருவானவர் சாகுமட்டும் இரகசியமே. அவராகவே திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசியதை, அவருடைய சம்மதத்தின்பேரில், பேரையும் ஊரையும் மறைத்து எழுதுகிறேன்.

இதற்குமுன் நான் விசாரணைக் குருவாயிருந்த பங்கு சோழமண்டலக் கடற்கரையில் இருந்தது. அவர் அங்கே படகு வைத்துத் தொழில் செய்தவர். திருநாள் கொடி ஏற்றும்போது கயிற்றைப் பிடிக்கிறவர் அவர்தான். 2004-ம் வருஷத்துக்கு முன்பு வரையில் திருநாள், கலியாணம் என்றால் ஒரு மிடறு குடிப்பாரே ஒழிய, குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை. அவ்வருஷம் திசம்பர் 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கர்த்தர் பிறந்த திருநாளுக்கு மறுநாள். பஞ்சாங்கப்படி திருக்குடும்பத் திருநாள். சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து, காலை ஒன்பது மணியளவில் கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இவர் தம்முடைய ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். தண்ணீர் வடிந்தபோது அவர் கையில் ஒன்றுமில்லை. பிள்ளையின் சரீரம் அகப்படவே இல்லை. அதன் பின் மூன்று நாள் ஊரார் பிள்ளைகளையெல்லாம் தூக்கி வந்து குழியில் வைத்தார். அந்த மூன்று நாளும் அவரும் அவரோடு இருந்த ஆண்பிள்ளைகளும் குடித்துக்கொண்டே வேலை செய்தார்கள். குடிக்காமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்று அவர் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஏனெனில் அந்த நாட்களில் நானும் ஒரு குருமடத்து மாணவனாக அதே கரையில் வேறொரு ஊரில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். குழிக்குள்ளும் மேலும் கூடைகூடையாகப் பிளீச்சிங் பவுடர் கொட்டுவார்கள். அந்த வாசனை உடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் விடவில்லை.

மற்றவர்கள் மெதுவாக நிறுத்தினார்கள். இவர் நிறுத்தவில்லை. நான் அப்பங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் காலையில் எழுந்தவுடன் குடிக்கிற நிலைக்கு வந்திருந்தார். படகு விற்றாயிற்று. மனைவி மீன் கூடை சுமந்தாள். மூத்த மகன் தகப்பனோடு பேசுவதில்லை. ஒரு முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், நான் அவரை மாதா சுரூபத்துக்கு முன் நிறுத்தி, கையைப் பீடத்தில் வைக்கச் சொல்லி, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினேன். மனைவி அழுதாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் இராத்திரி அவருக்கு வலிப்புக் கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, அதிகம் கோபிக்காமல், ஆனால் தெளிவாகச் சொன்னார்: வருஷக்கணக்காய் ஓயாது குடிக்கிறவனுடைய மூளை சாராயத்தின் அமுக்கத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். அமுக்கியதைத் திடீரென்று எடுத்துவிட்டால் அது துள்ளும். முதல் நாள் கைநடுக்கமும் வியர்வையும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். கவனியாவிட்டால் உயிரே போகலாம். ஆகையால் இப்படிப்பட்டவர்கள் வைத்தியர் மேற்பார்வையில், மருந்தோடும் பி-1 என்னும் உயிர்ச்சத்தோடும் நிறுத்த வேண்டுமே தவிர, சத்தியத்தை மட்டும் நம்பி நிறுத்தலாகாது. நான் ஒரு மனிதனுக்கு நன்மை செய்கிறேன் என்று எண்ணி அவன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். அந்த இராத்திரியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாயிருக்கிறது. சத்தியம் வாங்க அவசரப்படும் தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பின் பதினொரு மாதம் அவர் குடிக்கவில்லை. பங்குத் திருநாள் வந்தது. கொடியேற்றத்தன்று கோவில் வளாகம் முழுவதும் சுத்தம் செய்து, ஓரங்களில் வெள்ளையாகப் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அதற்கு உத்தரவு கொடுத்தவன் நான். கொடி ஏறும் நேரத்தில் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை. இராத்திரி சந்தைப் பக்கத்தில் நினைவு தப்பிக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். மறுநாள் நான் அவரை ஏசினேன். மாதாவுக்குத் துரோகம் செய்தாய் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான், அதே திண்ணையில், தலையைக் குனிந்துகொண்டு, "சுவாமி, அந்தப் பவுடர் நாத்தம் வந்திச்சு. அப்புறம் என் கால் எங்க போச்சுன்னு எனக்கே தெரியல" என்றார்.

அதே வாசனை ஒரு வாரம் என் உடுப்பிலும் இருந்ததே! எனக்கல்லவா முதலில் புரிந்திருக்க வேண்டும்?

அன்று இராத்திரி அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தைத் திறந்தேன். குருமடத்தில் கிரேக்கம் கற்பித்த ஆசிரியர் ஒருமுறை காட்டிய ஒரு சிறு விஷயம் நினைவுக்கு வந்தது. பிரதான குருவின் முற்றத்தில் சேவகர்கள் குளிருக்காக மூட்டியது கரி நெருப்பு. அதனருகே நின்றுதான் அர்ச். இராயப்பர் ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடலோரத்தில் சேசுநாதர் சுவாமி சீஷர்களுக்காக மீன் சுட வைத்திருந்ததும் கரி நெருப்பு. கிரேக்கத்தில் 'அந்த்ரகியா' என்னும் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரண்டு இடங்களில் மாத்திரமே வருகிறது. இராயப்பர் தண்ணீரில் குதித்து, நனைந்த உடுப்போடு கரையேறி வருகிறார். முதலில் அவர் மூக்கில் ஏறுவது அந்தக் கரிப்புகை. அவருக்குள் என்ன நடந்திருக்கும்! ஆண்டவர் அவரை உடனே விசாரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். அப்பமும் மீனும் தம் கையாலேயே கொடுக்கிறார். சாப்பாடு முடிந்தபின்தான், மறுதலித்தது எத்தனை முறையோ அத்தனை முறை, சிநேகத்தைப் பற்றி மெதுவாகக் கேட்கிறார். அந்த நெருப்பின் முன்னிலையிலேயே, அதே வாசனையிலேயே கேட்கிறார், அதற்குமுன் பசியாற்றிவிடுகிறார். நானோ பசியாற்றாமல் விசாரணை நடத்தினேன்.

நம் வைத்தியர்கள் சொல்லுவதும் இதற்கு வெகுதூரமானதல்ல. பெரும் பயம் ஒன்றை அனுபவித்தவனுடைய மூளை அந்த நாளைச் சாதாரண ஞாபகங்களைப்போல் அடுக்கி வைப்பதில்லை. ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு தேதி போதும். பழைய பயம் பழையதாக வராமல் இப்போதே நடப்பதாக வரும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. சாராயம் அந்தப் படபடப்பைச் சில மணி நேரம் அமுக்கும். ஆகவே அது அவனுக்கு உல்லாசமல்ல, மருந்து. பொல்லாத மருந்து: முன்னிரவில் தூங்க வைத்து, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, விடியுமுன் பயத்தை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு மறுபடியும் குடிக்க வேண்டும்.

சிறு வயதுக் காயங்களும் இப்படியே. அமெரிக்காவில் சான் தியேகோ நகரத்தில் 9,508 பேரிடம் அவர்களுடைய பால்ய காலத்தைப்பற்றி விசாரித்து, வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் ஆந்தா என்ற வைத்தியர்கள் கூட்டாளிகளுடன் 1998-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அடி, ஏச்சு, பலாத்காரம், தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடிகாரர், மனநோயாளர், சிறை சென்றவர் இருத்தல் என்று ஏழு வகைக் கஷ்டங்களைக் கணக்கெடுத்தார்கள். இவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றும் அனுபவியாதவர்களைவிட, குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள் நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை கூடுதல் என்று கண்டார்கள். காயப்பட்டவரெல்லாம் குடிப்பதில்லை, குடிப்பவரெல்லாம் காயப்பட்டவரும் இல்லை, சிலர் வெறும் சகவாசத்தால் கெட்டவர்களே. ஆயினும் ஏழு வகைகளில் இரண்டைத் திரும்பப் படியுங்கள்: தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடிகாரர் இருத்தல். இன்றிரவு நம் தெருவில் ஒரு வீட்டில் பாய்க்குள் முகம் புதைத்துப் படுத்திருக்கும் பிள்ளை, இருபது வருஷம் கழித்துக் கடை வரிசையில் நிற்கப்போகிறவனாய் இருக்கலாம்.

அப்படியானால் குடிகாரனுக்குப் பாவமே இல்லையா என்று கேட்பீர்கள். திருச்சபை 1992-ல் வெளியிட்ட மறைக்கல்வி நூலின் 1735-ம் எண்ணில், பயம், பழக்கம், மனநிலை முதலிய காரணங்களால் ஒருவனுடைய பொறுப்பு குறையலாம், சில சமயம் இல்லாமலே போகலாம் என்ற கருத்து இருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்று அளப்பது சர்வேசுரனுடைய வேலை. குடித்தவன் மனைவியை அடித்தால் அந்த அடி அடிதான். அவனுடைய காயம் அவளுடைய காயத்தை ஆற்றாது. அடிபடுகிறவளிடம் "பொறுத்துக்கொள் அம்மா, சிலுவையென்று ஏற்றுக்கொள்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவது பாவமல்ல. முன்பு நானே அப்படிப் பொறுக்கச் சொன்னதுண்டு. அதையும் என் பிழைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பில் வில்சன் என்ற தரகரும் ராபர்ட் ஸ்மித் என்ற வைத்தியரும், இருவருமே குடிநோயாளிகள், 1935-ல் ஓஹியோ மாகாணத்து ஆக்ரன் நகரத்தில் துவக்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு. அந்நகரில் அர்ச். தோமையார் பேரால் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் இருந்தவர் சகோதரி இக்னேஷியா என்ற கன்னியர். சங்கீதம் கற்பித்து வந்தவர். ஒரு காலத்தில் மனமும் உடலும் ஒடிந்துபோய், அந்தக் கடினமான வேலையை விட்டு இங்கே அனுப்பப்பட்டவர். குடிகாரர்களை ஆஸ்பத்திரிகள் சேர்க்காத காலத்தில், 1939-ல், ஸ்மித் கொண்டுவந்த ஒருவனை வயிற்று அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். (நீதிநெறி கற்பித்த என் பேராசிரியர் இதைக் கேட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். ஆனால் குடிகாரன் வயிற்றில் அழற்சி இருக்கத்தானே செய்யும்!) குணமாகிப் போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு திரு இருதயச் சின்னம் கொடுப்பாராம். மறுபடியும் குடிக்கத் தீர்மானித்தால், குடிக்குமுன் அதைக் கொண்டுவந்து தம்மிடம் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றே அவர் வைத்த நிபந்தனை. ஒடிந்து எழுந்தவளுக்கு ஒடிந்தவனுடைய பலவீனம் தெரிந்திருந்தது.

இதைப் படித்தபின் என் கடற்கரை மனிதருக்கு நானும் ஒரு சின்னம் கொடுத்தேன். இம்முறை முதலில் ஆஸ்பத்திரி, பிறகு அங்கேயே மனநல வைத்தியர்; கூட்டத்துக்கு வாராவாரம் பக்கத்து ஊருக்குப் பஸ். மகளைப்பற்றி யாரும் அவரைத் துருவவில்லை. வைத்தியர் அதைத் தடுத்திருந்தார். புண்ணைத் திறக்கும் நேரத்தைப் புண்பட்டவனே சொல்ல வேண்டும் என்றார். ஒன்றரை வருஷம் கழித்து அவரே ஒரு நாள் பிள்ளையின் பேரைச் சொல்லி, அவள் ஆத்துமத்துக்கு ஒரு பூசை கேட்டார். சரீரம் கிடைக்காததால் அதுவரையில் கேட்க மனம் வரவில்லையாம். நடுவில் இரண்டு முறை விழுந்தார். மூன்று முறை சின்னத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மூன்று முறையும் காப்பி குடித்து, பேசிவிட்டு, சின்னத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அந்த ஊரில் திருநாளுக்கு இப்போது சுண்ணாம்பு மாத்திரம் தூவுகிறார்கள். மூத்த மகன் பேசுகிறான், கொஞ்சமாய்.

நம் பங்கு மண்டபத்திலும் இக்கூட்டம் இம்மாதம் முதல் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நடக்கும். பேர் கேட்கமாட்டார்கள். குடிக்கிறவர் வர மறுத்தாலும் வீட்டாருக்கென்று தனிக் கூட்டம் அடுத்த அறையில் உண்டு. தாய்மாரும் மனைவியரும் அவருக்காகக் காத்திராமல் வரலாம். தினமும் காலையில் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்த வேண்டாம். முதலில் என்னிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன். என் மேசை இழுப்பறையில் இருபது திரு இருதயச் சின்னங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். இராத்திரி எந்நேரமானாலும் பங்களாவின் கிணற்றடி வாசலைத் தட்டலாம். முன்வாசலில் தெரு விளக்கு இருக்கிறது, சிலருக்குக் கூச்சமாயிருக்கும்.