நம்பிக்கையும் மருந்தும்

சிரத்தை என்ற வடசொல்லைத் தமிழில் பெயர்க்கும்போதெல்லாம் நான் தயங்குவதுண்டு. 'நம்பிக்கை' என்று எழுதினால் பொருள் சுருங்கிவிடுகிறது; 'ஈடுபாடு' என்றால் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அந்தச் சொல்லில் நேரவில்லை. அதன் வாலில் ஒட்டிய ஓர் எழுத்தில் நேர்ந்தது.

நோயுற்றோருக்குச் சிரத்தை மருந்தாக உதவுகிறது என்று மூத்த துறவி ஒருவர் தமது ஆங்கிலச் சொற்பொழிவில் கூறியிருந்தார். அதை நான் 'நம்பிக்கையே மருந்து' என்று தமிழாக்கினேன். ஓசை நன்றாக இருந்தது. நூலின் பின்னட்டையிலும் அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டார்கள்.

வடஇந்தியத் தொழில் நகரம் ஒன்றில் வாழும் தமிழ் அன்னை ஒருவர் அந்நூலை வாங்கிச் சென்றார். அவருடைய மகன் மனச்சிதைவு நோய்க்கு இரண்டு ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு, தேறி, மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த இளைஞர், தீட்சை பெற்றவர். பின்னட்டையைப் படித்த அவர், இனியும் மாத்திரை உண்பது குருவின் வாக்கை ஐயுறுவதாகும் என்று முடிவு செய்து நிறுத்திவிட்டார். முதல் இரண்டு மாதங்கள் உற்சாகமாகவே இருந்தார். மாத்திரையால் வந்திருந்த மந்தமும் கைநடுக்கமும் நீங்கின. ஜபத்தில் மனம் ஊன்றியது. தாயும் மகிழ்ந்தார். மூன்றாம் மாதம், முன்பு அவரை ஏவிய குரல்கள் திரும்பி வந்தன. நான்காம் மாதம் ஓர் இரவில் ரயில் தண்டவாளத்தின் அருகிலிருந்து அவரை மீட்டு வந்தார்கள்.

அந்த அன்னை எழுதிய கடிதத்தில் என்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "சுவாமிஜி, என் மகனுக்கு நம்பிக்கை போதவில்லையா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அக்கேள்விக்கு விடை தேடியே, மருத்துவர்கள் பிளாசிபோ என்று கூறுவதைப் பற்றிப் படிக்கலானேன். 'மகிழ்விப்பேன்' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை மருந்து என்று நம்பி உண்பவருக்கும் ஓரளவு நோய் தணிகிறது. இது வெறும் பிரமை என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. 1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வெற்று மருந்தைக் கொடுத்தனர். அதனால் வலி குறைந்தவர்களுக்கு, அபினி வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் வலி மீண்டும் கூடியது. நம்பிக்கை உடலினுள்ளேயே ஒரு வலிநீக்கியைச் சுரக்கச் செய்திருக்கிறது என்று இதிலிருந்து அறிந்தனர். ஆகவே அந்த மூத்த துறவி கூறியது உண்மை.

இன்னொரு செய்தி என்னை மேலும் சிந்திக்க வைத்தது. இத்தாலியின் டுரின் நகரில் பெனடெட்டி முதலான ஆய்வாளர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் பதற்றத்தில் இருந்தவர்களுக்கு டயாசிபாம் என்ற மருந்தை இரு விதமாக அளித்தனர். சிலருக்கு மருத்துவர் அருகில் நின்று, சொல்லிக் கொடுத்தார். மற்றவர்களுக்கு அவர்கள் அறியாமலே கருவியின் வழியே செலுத்தப்பட்டது. மருந்தும் அளவும் ஒன்றே. அறிந்து பெற்றவர்களின் பதற்றம் தணிந்தது. அறியாமல் பெற்றவர்களுக்குப் பயனில்லை. அப்படியானால் நம்பிக்கை மருந்துக்கு எதிரி அன்று. மருந்தின் உள்ளேயே அது இருந்து வேலை செய்கிறது.

படித்த அன்பர்கள் சிலர், மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளே வெறும் பிளாசிபோதான் என்று என்னிடம் வாதிட்டதுண்டு. 2008-இல் கிர்ஷ் என்பவரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, கடுமையான மனச்சோர்வில் அன்றி மற்ற நிலைகளில் அம்மருந்துகளுக்கும் வெற்று மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்றது உண்மையே. ஆனால் 2018-இல் 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் ஒருசேர நோக்கிய ஆய்வில் 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாகவே இருந்தன. மேன்மை பெரிதன்று, இருக்கிறது.

மனச்சிதைவிலோ கணக்கு வேறு. மருந்தால் தேறியவர்களைக் கொண்டு நடந்த 65 சோதனைகளை 2012-இல் தொகுத்து நோக்கினர். மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர் 27 சதவீதம். வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம். அந்த இரண்டாம் பிரிவினரும் தாம் உண்பது மருந்தாக இருக்கலாம் என்று நம்பித்தான் உண்டனர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது; மருந்து மட்டும் இல்லை. எஞ்சிய 36 சதவீதத்தினரைப் போன்றவர்களே நம் சத்சங்கங்களில் எழுந்து, 'மாத்திரையை விட்டேன், நலமாக இருக்கிறேன்' என்று சாட்சி சொல்கின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. மற்றவர்கள் சத்சங்கத்துக்கு வரும் நிலையில் இல்லை.

நம் சாத்திரம் என்ன சொல்கிறது? சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாக வகுக்கிறது. மந்திரம், ஹோமம், விரதம் ஆகியவை தெய்வத்தைச் சார்ந்தவை. உணவும் மருந்தும் யுக்தியைச் சார்ந்தவை. கேடு தரும் விஷயங்களிலிருந்து மனத்தை மீட்பது சத்வாவஜயம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சரகர் கூறவில்லை. மந்திரத்தின் ஆற்றலை அவர் நம்பாதவரும் அல்லர்.

இன்னொரு வாதமும் உண்டு. நம் வட்டத்தில் அதுவே ஆபத்தானது. "ஸ்ரீராமகிருஷ்ணரையே பித்தர் என்றார்கள் அல்லவா?" என்பார்கள். என்றார்கள். கல்கத்தாவின் கவிராஜர் கங்காபிரசாத் சென்னிடம் அவரை அழைத்தும் சென்றார்கள். அவர் அந்தச் சிகிச்சையை மறுக்கவில்லை. பின்னாளில் 1885-இல் தொண்டைநோய் கண்டபோது டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் மருந்தையும் ஏற்றார். அவருடைய நிலை நோயன்று, மகாபாவம் என்று கண்டுசொல்லப் பைரவி பிராமணி வந்தார். நம் ஊர்தோறும் ஒரு பைரவி பிராமணி இல்லை. நானும் அல்லேன்.

இதனால் கோயிலுக்கும் ஆசிரமத்துக்கும் மனநோயில் பங்கே இல்லை என்றாகாது. தமிழகக் கிராமக் கோயில் ஒன்றில் வந்து தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தோர் ஆராய்ந்து 2002-இல் எழுதினர். அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே தனிச் சடங்கு எதுவும் செய்யவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான இடம் அது, அவ்வளவே. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினர்; 28 பேர் மாண்டனர். அவர்களையும் உறவினர்கள் நம்பிக்கையோடுதான் அழைத்து வந்திருந்தார்கள்.

குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் வேறொரு வழியைக் கண்டனர். அங்கே முஜாவர்கள் துவா ஓதுகின்றனர். நோயாளியை அங்கேயே உள்ள மனநல மருத்துவரிடமும் அனுப்புகின்றனர். நம் கிளைகளும் இதைக் கற்றுக்கொள்ளலாம். தீட்சைக்கோ அந்தர்யோகத்துக்கோ வருபவர் மனநோய் மருந்து உட்கொள்வதாகக் கூறினால், அதைத் தொடருமாறு நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுக்கமும் மந்தமும் மெய்யான துன்பங்கள். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. தானாக நிறுத்துவது அந்த வழியன்று.

அந்த அன்னைக்கு இவ்வாறு பதில் எழுதினேன்: "தங்கள் மகனுக்கு நம்பிக்கை குறையவே இல்லை, அம்மா. தவறு என் மொழிபெயர்ப்பில் நேர்ந்தது. 'நம்பிக்கையும் மருந்து' என்று எழுதியிருக்க வேண்டும். ஓசைக்காக ஏகாரத்தைச் சேர்த்துவிட்டேன். அதைத் தங்கள் மகனிடம் என் பெயராலேயே சொல்லுங்கள்."

சொல்லியிருக்கிறார். மகன் இப்போது இரவு ஜபத்தை முடித்ததும் மாத்திரையை எடுத்துக்கொள்கிறாராம். பழைய வேலை கிடைக்கவில்லை, வேறொன்று தேடுகின்றனர். நூலின் அடுத்த பதிப்பில் அந்த வரியைத் திருத்திவிட்டோம். முதற்பதிப்பின் பிரதிகள் வைத்திருக்கும் அன்பர்கள் பின்னட்டையில் பேனாவால் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.