தடையின்மையும் ஒரு காரணமே

1964-இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், லேத் பட்டறைகளின் அண்டையிலேயே இன்று டேட்டா சென்டர்கள் எழுந்து நிற்கின்றன. அத்தகைய இடத்திலுள்ள டேட்டாபேஸ் சர்வர் ஒன்று திடீரென மந்தமாகும்போது, அதனைப் பராமரிப்பவர் சில வேளைகளில் காணும் காட்சி விசித்திரமானது: பிராசஸர் பெரும்பாலும் சும்மா இருக்கிறது, மெமரியில் இடமிருக்கிறது, டிஸ்கிலும் நெரிசல் இல்லை, ஆயினும் நூற்றுக்கணக்கான குவரிகள் காத்துக் கிடக்கின்றன. ஆராய்ந்தால், யாரோ கமிட் செய்யாமல் திறந்தே விட்டுப்போன டிரான்ஸாக்ஷன் ஒன்று, ஒரேயொரு பதிவின்மீது லாக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியவரும்.

சக்தி இருந்தும் காரியம் நிகழாத இந்நிலையைக் குறித்தே நியாய தரிசனத்தாராகிய நையாயிகரும் மீமாம்ஸா தரிசனத்தாராகிய மீமாம்ஸகரும் நெடுங்காலம் வாதிட்டனர். இரத்தின மணியொன்று அருகிலிருந்தால் அக்கினி சுடாது என்பது அவர்கள் கையாண்ட திருஷ்டாந்தம். அக்கினியின் தகன சக்தியை மணி அழித்துவிடுகிறது என்றனர் மீமாம்ஸகர். சக்தியென்று தனிப்பொருள் வேண்டா, பிரதிபந்தகத்தின் அபாவமும், அதாவது தடையின் இன்மையும், காரணங்களுள் ஒன்றே என்றனர் நையாயிகர். அபாவத்தையும் ஒரு பதார்த்தமாகவே எண்ணியவர்கள் அல்லவா அவர்கள்!

லாக் விஷயத்தில் நான் நையாயிகர் பக்கமே. மெமரியைக் கூட்டு, பிராசஸரை மாற்று என்று உடனே ஆணையிடுவோர், சக்தி குன்றியதாக எண்ணிப் பணத்தைச் செலவிடுகிறார்கள்; லாக்கைப் பிடித்துத் தடையாக நிற்கும் ஸெஷனை முடித்துவிட்டாலோ, இழந்த சக்தியென்று எதையும் எவரும் திருப்பித் தராமலே, அதே இயந்திரம் அக்கணமே ஓடத் தொடங்குகிறது.

ஆனால், இண்டெக்ஸ் இல்லாமையால் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தேட லட்சக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகப் படிக்க நேரும் சர்வரில் தடையென்று எதுவுமில்லை. இண்டெக்ஸை அமைத்த பின்னரே முன்னில்லாத ஒரு சாமர்த்தியம் அதற்குப் பிறக்கிறது. அவ்விடத்தில் மீமாம்ஸகரின் கட்சியை அவ்வளவு எளிதில் ஒதுக்க நான் துணியேன்.