ஊழும் வேலை தேடலும்

கனடாவில் குடியேறும் பொறியாளரை முதலில் மறிப்பது, 'கனடிய அனுபவம் உண்டா?' என்ற கேள்வி. வேலை கிடைத்தால்தான் அனுபவம். அனுபவம் இருந்தால்தான் வேலை. இதைத் தலைவிதி என்று ஏற்பதா, முயன்று தீர்ப்பதா? திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோர்வற்ற முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறது. ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டு, கிரேக்கத்தின் நிக்கோபொலிசில் பள்ளி நடத்திய தத்துவஞானி எபிக்டீட்டஸ், தன் வசமுள்ளதையும் இல்லாததையும் முதலில் பிரித்தறியச் சொன்னார்.

அப்படிப் பிரித்தால், 'வேலை கிடைக்கவில்லை' என்ற ஒற்றைத் துயரம் சில்லறைச் சிக்கல்களாகிறது: பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்கவில்லை, பயோடேட்டாவில் அங்கே யாரும் கேட்காத புகைப்படமும் பிறந்த தேதியும் இருக்கின்றன, துறையில் ஒருவரையும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நாளைக் காலையே செய்ய ஏதாவது இருக்கும்.

ஆனால், பாகுபாட்டையும் தேடுபவரின் முயற்சிக் குறைவாகக் காட்டுவது அநீதி. அது தனி ஒருவர் வசத்தில் இல்லை. சமூகத்தின் வசத்தில் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாண மனித உரிமை ஆணையம், 'கனடிய அனுபவம்' என்ற நிபந்தனையை முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று 2013இல் அறிவித்தது. வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பதற்கு எதிரான மாகாணச் சட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.