இருட்டில் வரைந்தவர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைக்கு இரட்டைச் சுவர். நடுவே குறுகலான சுற்றுப்பாதை, பகலிலும் இருட்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அதற்குள் போனபோது, நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து வேறு ஓவியங்கள் எட்டிப் பார்த்தன. சோழர் காலத்தவை. மணப்பந்தலில் ஓலையோடு வந்து சுந்தரரை வழக்குக்கு இழுக்கும் கிழவர், வெள்ளை யானையில் கயிலை போகும் சுந்தரர், குதிரையில் உடன் விரையும் சேரமான், தேர் ஏறி நிற்கும் திரிபுராந்தகர்.

பூசகரும் அரசரும் மட்டுமே புழங்கியிருக்கக்கூடிய இடத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு?

மேல்தளச் சுற்றிலும் இதே கதைதான். நூற்றெட்டு நாட்டியக் கரணங்களில் 81 செதுக்கி முடிந்தவை. மிச்சக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. கும்பிட வந்த கூட்டம் அண்ணாந்து பார்த்தாலும் அவை கண்ணில் படா.

சுவைப்பவர் நெஞ்சில்தான் ரசம் பிறக்கிறது என்றார் காஷ்மீரத்து அபிநவகுப்தர். ஒத்த நெஞ்சோடு சுவைக்கும் அந்தச் 'சகிருதயர்' இல்லாமல் கலை நிறைவு பெறாது. எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. அப்படியானால் அந்த இருட்டில் சகிருதயர் யார்? கோயில் தயங்காமல் பதில் சொல்லும்: உள்ளே இருக்கிறவர். இறை நம்பிக்கை இல்லாதவருக்கும் ஒரு பதில் உண்டு. கோடு சரியாக விழுந்ததா என்று முதலில் பார்ப்பது வரைந்தவரின் கண்தான்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். கலைப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பதே எதற்காக என்று அவரே கேட்டார். பழைய சமூகங்களில் சிலையும் குடமும் பயன்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் செய்யப்பட்டவை, பார்வைக்கு அல்ல என்பது அவர் கட்சி.

இன்று மார்கழிக் கோலத்தின் மாவு காற்றில் கலைவதற்குள் அதன் படம் கைபேசி வழியே கடல் கடந்துவிடுகிறது. இதில் குற்றமில்லை. தெரு மட்டுமே கண்ட கைத்திறனைத் தூரத்து மகள் பார்க்கிறாள் என்றால் அது மகிழ்ச்சிதான். ஆனால் புள்ளி வைக்கும்போதே எத்தனை விருப்பக்குறி விழும் என்ற கணக்கு விரலுக்குள் புகுந்துவிட்டால், கோலம் போடுகிறவளுக்கு அந்த விடியற்காலை இல்லாமல் போகிறது. பறிபோவது புகழ் அல்ல, கவனம். கவிதை எழுதுகிறவருக்கும், இரவில் நாட்குறிப்பைத் திறக்கிறவருக்கும் இதுவே நேர்கிறது. யாரும் படிக்காத ஒரு பக்கமாவது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

தஞ்சைச் சுவரில் அந்தக் கவனம் அப்படியே இருக்கிறது. திரிபுராந்தகரின் சீற்றத்தோடு ஓவியர் நின்றுவிடவில்லை. எதிரே திரண்ட அசுரர்களையும், போருக்குப் போகவிடாமல் அவர்களைக் கட்டிப் பிடித்திருக்கும் பெண்களையும் வரைந்தார். தோற்கப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் அவர்கள். அந்த முகங்களின் கலக்கத்தையும் விளக்கொளியில் பொறுமையாகத் தீட்டியிருக்கிறார்.