மொட்டைக்கும் வழுக்கைக்கும் நடுவில்

போன மாதம் வேலை நெருக்கடியில் இரண்டு வாரம் தலையை வழிக்கவில்லை. லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தால் பக்கவாட்டில் கறுப்பு நிழல் படிந்திருந்தது. நெற்றியின் இரு மூலைகளிலும் உச்சியிலும் நிழலே இல்லை. அன்றிரவே ரேசரை எடுத்துவிட்டேன்.

முதல் மொட்டை 2019 தைப்பூசத்தில், பினாங்கு தண்ணீர்மலையில். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. வேண்டிக்கொண்டது நான்தான், அவர் கேட்கவில்லை. சந்தனம் பூசிய தலையோடு 513 படிகள் ஏறினேன். அதற்குப் பிறகு வளரவிடவில்லை. யார் கேட்டாலும், “அம்மாவுக்கு வேண்டிக்கிட்டது, அப்படியே பழகிப்போச்சு” என்பேன். அந்தப் பதிலுக்கு நல்ல மரியாதை உண்டு, குறிப்பாக அத்தைமார்களிடம்.

முடி வைத்திருப்பவனுக்குச் சேதி வந்துவிடும். சீப்பு சொல்லும், தலையணை சொல்லும், குளியலறை வடிகால் சொல்லும். எனக்கு அந்தச் சாட்சிகள் இல்லை. தவிர, ஆண்களின் வழுக்கையில் முடி ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. டிஎச்டி என்ற ஹார்மோனின் தாக்கத்தால் வேர்ப்பை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்குகிறது. அடுத்து முளைப்பது இன்னும் மெல்லிசாக, இன்னும் குட்டையாக வருகிறது, கடைசியில் பூனைமயிர் மாதிரி. வழித்த தலையில் இது எத்தனை வருடம் வேண்டுமானாலும் சத்தமில்லாமல் நடக்கலாம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யூபுலிடிஸ் என்ற கிரேக்கரின் பெயரில் ஒரு புதிர் வழங்குகிறது. ஒரு முடி போனதால் யாரும் வழுக்கையாகிவிடுவதில்லை. இன்னொன்று போனாலும் அப்படித்தான். பிறகு எந்த முடியில் வழுக்கை தொடங்குகிறது? படிக்கும் காலத்தில் இதை வெறும் சொல் விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது நான் பார்ப்பது தரக்கட்டுப்பாட்டு வேலை. எங்கள் வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், தொடர்ந்து ஏழு புள்ளிகள் ஒரே திசையில் இறங்கினால் இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்போம். ஏழாவது புள்ளி மட்டும் குற்றவாளி என்பதில்லை. எங்கேயாவது நிறுத்தித்தானே ஆகவேண்டும்?

என்னைத் தொந்தரவு செய்வது முடியின் எண்ணிக்கை அல்ல. 2019இல் வழித்தது காணிக்கை, சந்தேகமில்லை. போன மாதம் வழித்தது மறைப்பு, அதிலும் சந்தேகமில்லை. நடுவே வாரம் இரண்டு முறை என்று ஐந்நூறு தடவைக்கு மேல் வழித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவேதான் இருந்தது. சொன்ன பதிலும் அதே பதில்தான். அது எந்தத் தடவையில் பொய்யானது? எல்லைக்கோடு தெரியவில்லை, ஆகவே பொய்யே இல்லை என்று வாதிடலாம். “இன்னும் லிமிட்டுக்குள்ளதானே லா” என்று தொழிற்சாலையில் தினமும் கேட்கிற சமாதானம்தான் இது. அங்கே நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. திரும்ப வளரும் என்று தெரிந்துதான் அன்றைக்குக் கொடுத்தேன்.

போன வாரம் அம்மா போனில், “வர்ற தைப்பூசத்துக்கு நானும் ஏறலாம்னு இருக்கேன். நீ முடியக் கொஞ்சம் வளத்துட்டு வாடா. மொட்டத் தலையில என்னத்த எறக்குறது?” என்றார். சரிம்மா என்றேன்.

இன்றோடு ஒன்பது நாள், ரேசரைத் தொடவில்லை. மதியம் சாப்பிடும்போது கூட வேலை செய்கிற ஒருவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.