எதுவானாலும் சரி

மனிதனின் மனத்தை அளந்து பார்க்கப் பெரிய சோதனைகள் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வெள்ளம் வர வேண்டும். வழக்கு வர வேண்டும். சொத்துப் பிரிய வேண்டும். அப்போதுதான் யார் எப்படிப்பட்டவர் என்பது தெரியும் என்று எண்ணுகிறோம். கதை எழுதுகிறவனான நானும் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் நம்பி, என் பாத்திரங்களை ஆற்றிலும் கோர்ட்டிலும் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்து வந்தேன். இரண்டு இரவு தங்குவதற்கு ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அதற்குப் போதும் என்பதை 2023-ஆம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சென்று திரும்பும் உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி செய்தியைப் பார்த்த அன்றே எனக்குத் தொலைபேசியில் பேசினான். அவன் குழந்தைகளுக்கு அங்கே ஜூனில்தான் பள்ளி விடுமுறை. அம்மா விமானம் ஏற மாட்டாள்; காது வலிக்கும் என்று பயம். கப்பல் என்றால் அவளையும் அழைத்துப் போகலாம். செலவு அவனுடையது. ஏற்பாடு என்னுடையது.

“ரெண்டு நாள் முன்னாடியே போயிடலாம் அண்ணே. கடற்கரை ஓரமா நல்ல ஹோட்டலாப் பாருங்க. பிள்ளைங்க கொஞ்சம் ஓடி விளையாடட்டும்” என்றான்.

முன்கூட்டிப் போவது நல்ல யோசனைதான். மதுரைக்கும் சென்னைக்கும் ரெயில் பாதையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ரெயில் தாமதித்தால் அடுத்த ரெயில் உண்டு. கப்பலுக்கு அப்படி இல்லை. நேரத்துக்குத் துறைமுகம் சேராதவன் கரையில் நின்று கையை ஆட்ட வேண்டியதுதான்.

எங்கே தங்குவது என்பதில்தான் நான் மூழ்கிப்போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தங்கினால் கவலை இல்லை. ஆனால் அங்கே இருப்பது ஊர்தானே தவிர, குழந்தைகள் கேட்கும் கடற்கரை விடுதி அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகப் போக விடுதிகள் அழகாகிக்கொண்டே போகின்றன. துறைமுகமும் தூரமாகிக்கொண்டே போகிறது. கோவளம் என்றால் நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாமல்லபுரம் என்றால் 60-ஐ நெருங்கிவிடும். கோவளத்துக் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்திருப்பது அதற்கு ஒரு மதிப்பெண். மாமல்லபுரத்துக் கோயில்கள் அதற்கு ஒரு மதிப்பெண். இப்படி நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டேன். தம்பி மனைவிக்கு நீச்சல் குளம் வேண்டும். அது நியாயம், நம் சோழ மண்டலக் கடல் குளிப்பதற்கு ஏற்ற கடல் அன்று. சில அடி தூரத்திலேயே ஆழம் இறங்கிவிடும். அலை திரும்பும்போது காலைப் பறிக்கும். சிறியவனுக்கு மணல் வேண்டும். பெரியவளுக்கு அறையில் நல்ல இணைய வசதி வேண்டும். என் மனைவிக்கு, சமையற்கட்டு என்ற ஒன்று கண்ணில் படாத எந்த இடமும் சம்மதம். எனக்கு, காலையில் எழுந்ததும் கடலிலிருந்து சூரியன் வருவதைக் கட்டிலில் இருந்தபடியே பார்க்க வேண்டும்.

அம்மாவையும் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எனக்கென்னப்பா, எதுவானாலும் சரிதான்.”

ஒரு கட்டம் மிச்சம் என்று மகிழ்ந்து, நான் நோட்டை மூடினேன்.

முடிவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் மூன்று அறைகள் பதிவு செய்தேன். கடலைப் பார்த்த அறைக்கு ஒரு விலை. தோட்டத்தைப் பார்த்த அறைக்கு அதைவிடக் குறைந்த விலை. தம்பி குடும்பத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, இரண்டும் கடலைப் பார்த்தவை. அம்மாவும் பெரியவளும் தங்க, தோட்டத்தைப் பார்த்த அறை. அம்மா எட்டரை மணிக்கே படுத்துவிடுகிறவள். பெரியவள் கையிலுள்ள கருவியை விட்டுக் கண்ணை எடுக்காதவள். இவர்களுக்குக் கடல் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? தம்பியின் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையும் எனக்குச் சேர்ந்தது.

போன பிறகுதான் சில விஷயங்கள் தெரிந்தன. விடுதியின் அறைகள் தோட்டத்துக்குள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. நடைபாதையில் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். படத்தில் அது மிக அழகாக இருந்தது. எழுபத்திரண்டு வயது முழங்காலுக்கு அது வேறு மாதிரி இருந்தது. கூழாங்கல்லைத் தாண்டினால் ஆறு படி. படி இறங்கினால் மணல். ஜூன் மாதத்துச் சென்னையில் காலை முழுவதும் தரையிலிருந்து அனல் காற்று வீசும். கடற்காற்று எழுந்து வருவதற்கு நண்பகல் தாண்டிவிடும். அதற்குள் மணல் கொதித்துவிடும்.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் நீச்சல் குளத்தில் இருந்தோம். அம்மா அறையில் இருந்தாள். “அத்தை, நீங்களும் வாங்க” என்று என் மனைவி இருமுறை போய் அழைத்தாள். “நீங்க போங்கம்மா, நான் கொஞ்சம் படுத்திருக்கேன்” என்று பதில் வந்தது. இரண்டாம் நாளும் அதே அழைப்பு, அதே பதில்.

அன்று இரவு அவளுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே செம்பருத்திச் செடிகளும் ஒரு விளக்குக் கம்பமும் தெரிந்தன. கடலின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“மெரினா இங்கேயிருந்து ரொம்பத் தூரமாப்பா?” என்றாள்.

“ஏம்மா?”

“இல்லே, சும்மாதான். அங்கே தண்ணிப் பக்கம் வரைக்கும் பலகையிலே பாதை போட்டிருக்காங்களாம். சக்கர நாற்காலியே போகுமாம். பேப்பர்லே படத்தோட போட்டிருந்தான். கால் முடியாதவங்க போறதுக்குன்னே போட்டது.”

எனக்கும் நினைவு வந்தது. 2022 நவம்பர் இறுதியில் அந்த மரப்பாதையைத் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது, பின்பு செப்பனிட்டார்கள். அம்மா அந்தச் செய்தியை அத்தனை மாதம் மனத்தில் வைத்திருந்திருக்கிறாள். சென்னைக்குப் போகிறோம் என்றதும் அவள் மனத்தில் விரிந்தது கப்பல் அன்று, அந்தப் பாதை.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா! நான்தான் கேட்டேனே?”

“கேட்டேதான்” என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. “எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு வேணும்னு சொல்லிட்டாங்க. நானும் ஒண்ணைச் சொல்லி உன்னைக் குழப்புவானேன்?”

நான் என் அறைக்குத் திரும்பினேன். கடலைப் பார்த்த அறை. நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

என் நாவல்களில் இந்த அம்மா பல முறை வந்திருக்கிறாள். வேறு வேறு பெயர்களில், வேறு வேறு ஊர்களில் வந்திருக்கிறாள். கடைசியில் உண்பவள், கிழிந்த புடவையைத் தனக்கென எடுத்து வைத்துக்கொள்பவள், எதைக் கேட்டாலும் “எனக்கென்ன” என்று சொல்பவள். அவளைத் தியாகத்தின் வடிவம் என்று நான் வருணித்தேன். வாசகர்கள் கண் கலங்கிக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்து மகிழ்ந்தபோது, ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தத் தியாகத்தால் இலாபம் அடைந்தவன் யார்? அவளைப் புகழ்ந்து எழுதிய கையும், அவளுக்குத் தோட்டத்து அறையை ஒதுக்கிய கையும் ஒரே கை அல்லவா?

விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம்தான். அதை நான் மறுக்கவில்லை. சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. 1930-ல், நீரில் மூழ்க இருந்தவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை இழந்த ஷ்மிட் என்ற டென்மார்க்கு நாட்டவரின் நினைவாக எழுப்பியது அது. அவர் கரையிலேயே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். நிற்கவும் உரிமை இருந்தது, குதிக்கவும் உரிமை இருந்தது. அவர் குதித்தார். அதனால்தான் அது தியாகம்.

என் அம்மாவுக்கு அப்படி இரண்டு வழிகள் என்றைக்காவது இருந்தனவா? பிறந்த வீட்டில் அண்ணன்மாருக்குப் பிறகு. புகுந்த வீட்டில் மாமியாருக்குப் பிறகு. பின்பு கணவனுக்குப் பிறகு. அதன் பின்பு எங்களுக்குப் பிறகு. “எனக்கு இது வேண்டும்” என்று சொல்லிப் பழகாத நாக்கு “எதுவானாலும் சரி” என்று சொல்வதைத் துறவு என்பதா, பழக்கம் என்பதா? கையில் பொருள் உள்ளவன் அதைக் கொடுத்தால் அது கொடை. கையில் எதையும் வைக்காமலே வளர்த்துவிட்டு, “பார், இவள் எதையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை” என்று வியப்பது என்ன நியாயம்?

மறுநாள் விடியற்காலையில் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

“நான் யாருக்கு அண்ணே குறை வச்சேன்? அம்மாவுக்காகத்தானே இந்தக் கப்பலே?”

அவன் சொன்னதும் உண்மைதான். அவன் குறை வைக்கவில்லை. பணம் கொடுப்பவன் அறையை வாங்கிவிடுகிறான். கூடவே, மற்றவர்கள் வாய் திறக்காமல் இருப்பதும் தானாகவே அவனுக்குச் சேர்ந்துவிடுகிறது. அது அவன் கேட்டு வாங்கியதன்று. ஆனால் கேட்காமலே வந்து சேருவதைக் கவனிக்க வேண்டியது அவன் கடமை. அவன் சார்பில் ஏற்பாடு செய்த என் கடமை அதைவிடப் பெரியது.

ஆறு பேருக்கு ஒன்று பிடித்து, ஒருவருக்கு மட்டும் வேறு ஒன்று வேண்டும் என்றால் ஆறு பேர் பக்கம் போவதுதானே முறை என்று சிலர் கேட்கலாம். சட்டசபையில் அது முறைதான். பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் அது முறை ஆகாது. அங்கே யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய நடைதான் கூட்டத்தின் நடை; இல்லாவிட்டால் கூட்டம் என்ற ஒன்றே இல்லை. குடும்பம் சட்டசபையைப் போன்றதா, யாத்திரைக் கூட்டத்தைப் போன்றதா? நான் அன்றுவரை என்னை அறியாமலே வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதிலும், வாக்குச் சொல்லாத ஒருவரின் வாக்கை நானே எடுத்து என் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி ஒரு விடுதியைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் நான் நோட்டில் கட்டம் போட மாட்டேன். எல்லோரிலும் குறைவாகப் பேசுகிறவரால் எது முடியாது என்று முதலில் பார்ப்பேன். எத்தனை படி, மின்தூக்கி உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடல் தெரியுமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு நீச்சல் குளத்தைப் பற்றி யோசிக்கலாம். குழந்தைகளுக்கு ஒரு வாளி மணலும் ஒரு குழாய்த் தண்ணீரும் இருந்தால் போதும். எந்த இடத்தையும் அவர்கள் கடற்கரை ஆக்கிவிடுவார்கள். எழுபத்திரண்டு வயதுக்கு அந்த வித்தை தெரியாது.

அன்று காலை நாங்கள் முன்னதாகவே புறப்பட்டோம். துறைமுகத்துக்குப் போகிற வழியில்தானே மெரினா இருக்கிறது! இரண்டு நாளும் அதை எட்டிப்பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அம்மா சக்கர நாற்காலி வேண்டாம் என்றாள். ஒரு கையால் கைப்பிடிச் சட்டத்தையும் மறு கையால் பேத்தியின் தோளையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேத்தி தன் கருவியைப் பைக்குள் போட்டிருந்தாள். பாதை முடிகிற இடத்தில் அம்மா நின்றாள். அலை அங்கிருந்து சற்று எட்டத்தான் இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. காற்றில் புடவைத் தலைப்பு பறந்ததை இழுத்துச் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி, “போதும்பா. கப்பல் போயிடப் போகுது” என்றாள்.

“கப்பல் சாயங்காலம்தான் அம்மா” என்றேன். “நில்லுங்க.”

நின்றாள்.

இத்துடன் அம்மா மாறிவிட்டாள் என்று எழுதினால் அது கதையாகிவிடும். அன்று இரவு கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு கடைகாரன் கூட ஒரே நேரத்தில் பார்த்திராத அத்தனை வகைப் பண்டங்களுக்கு நடுவே, “என்ன அம்மா சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“எதுவானாலும் சரிதான்” என்றாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு நகரவில்லை. அங்கேயே நின்றேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான். அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு கேள்விக்குப் பிறகு அரை நிமிஷம் சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரிந்தது.

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாற்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தயிர்ச் சோறு இருக்குமாப்பா? தொட்டுக்க மாவடு கிடைச்சா நல்லா இருக்கும்.”

தயிர்ச் சோறு இருந்தது. மாவடு இல்லை, எலுமிச்சை ஊறுகாய்தான் கிடைத்தது. அதைச் சொன்னபோது அம்மா முகத்தில் சிறிய ஏமாற்றம் ஒன்று தோன்றியது. வெளிப்படையாக ஏமாற்றம் அடையும் உரிமையை அவள் அன்று எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன்.