பூட்டைச் சோதிக்கும் கை

கணினிக் காவல் பயில விழையும் மகளைக் குறித்துச் சித்தூர் அன்னையொருவர் நம்மை வினவினார்: "பிறர் பூட்டைத் திறக்கும் வித்தை பாவமன்றோ?"

உரியவர் இசைவோடு பூட்டைச் சோதித்து, அதன் பழுதை அவருக்கே உரைப்பது காவல்; இசைவின்றிப் புகுவது குற்றம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இவ்வாறே வகுக்கிறது. கை ஒன்றே, கருத்தே வேறு.

கற்க இடமும் உண்டு. திருப்பதியில் மகளிர்க்கெனவே ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம் 1983இல் எழுந்தது, 2018இல் ஐ.ஐ.டி.க்களில் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் ஏற்பட்டன. எனினும், ‘இவளை நம்பலாமா?’ என்று தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களை வாயிலிலேயே நிறுத்தும் மனம் இன்னும் மாறவில்லை. ஆலை வாயிலில் நாள்தோறும் சோதிக்கப்பட்ட நாம் அவ்விழிவை அறிவோம். ஐயுறப்பட்டவளே ஊரார் பணத்தைக் காப்பவளாகட்டும்.

அன்னையே, மகளைத் தடுக்காதீர்கள். நேர்மையை உடன் அனுப்புங்கள்.